அம்மா சும்மா இருக்கட்டுமா?

உங்கள் வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ இருக்கிறார்களா? அப்படியானால் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்று காலையிலிருந்து எத்தனை தடவை அவர்களிடம், "நீங்கள் சும்மா உட்காருங்கள் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னீர்கள்?

அன்பினால்தான் சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் எழுபது வயதுக்கு மேல் இந்தச் 'சும்மா' எவ்வளவு கனக்கிறது என்பதை யாராவது அவர்களைக் கேட்டதுண்டா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து அம்மாக்களை எண்ணிப் பாருங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதை நம்பிப் பின்னால் எத்தனையோ குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இந்தப் பக்கம் மனை வாங்கினார்கள். வீட்டுக்காரர் காலையில் ரயிலைப் பிடித்துப் பட்டணத்துக்குப் போய்விடுவார். கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது, கிணறு தூர் வாருவது, சீட்டுப் பணம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அம்மாவின் இலாகா. ஒரு சின்ன ராஜ்யத்தையே ஆண்டவர்கள்! இன்று பல வீடுகள் போய் அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மிஞ்சிய ராஜ்யம் அவ்வளவுதான்.

குரோம்பேட்டையில் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னிடம், "எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை" என்றார். மருமகள் முதல் பாதியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். எனக்கோ இரண்டாவது பாதிதான் மனசில் தைத்தது.

அமெரிக்காவில் 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு பெண்மணிகள் ஒரு முதியோர் இல்லத்தில் சோதனை ஒன்று செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, "இதை வளர்ப்பது உங்கள் பொறுப்பு. எந்த நாளில் சினிமா பார்ப்பது என்பதும் உங்கள் இஷ்டம்" என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை நர்ஸுகளுடையது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது, பொறுப்பு ஏற்றவர்களில் நூற்றுக்கு 15 பேர் காலமாகியிருந்தார்கள். மற்ற மாடியில் நூற்றுக்கு 30 பேர். சுமார் தொண்ணூறு பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். இதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு தொட்டிச் செடி கொஞ்சம் யோசிக்க வைக்கிறது, இல்லையா?

எங்கள் அம்மா இந்த விஷயத்தில் பிடிவாதக்காரி. எழுபத்து நாலு வயது. கீரை வாங்கும் அதிகாரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். 2021-ல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது முதல் கேட்கவே வேண்டாம். சேலையூரிலிருந்து தனியாக பஸ் ஏறி, மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போய், இரண்டு ரூபாய்க்காக அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு வருவாள். வந்து சேரும் வரையில் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அது என் கஷ்டம். அதற்காக அவளைத் தடுப்பதில்லை.

அதற்காக அபாயத்தைக் கண்டும் காணாமல் இருக்கச் சொல்லவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத தரை, ராத்திரியில் எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கு – இவற்றுக்கு ஆகும் செலவு இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவில் ஒரு துளிகூட இல்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

காது விஷயமும் இருக்கிறது. வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். குரல் காதில் விழும், வார்த்தை பிடிபடாது. நாம் எரிச்சலோடு கத்தும்போது குரல் இன்னும் கீச்சென்று ஆகிறது. அவர்களுக்கு இன்னும் புரியாமல் போகிறது. டெலிவிஷனை நிறுத்திவிட்டு, முகத்துக்கு எதிரே நின்று, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசிப் பாருங்கள். பாதிச் சண்டை குறையும். மீதிக்குக் காது டாக்டர் இருக்கிறார்.

முதியோருக்கென்று தனி வைத்தியம் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே அதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 2024-ல் கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 200 படுக்கைகளுடன் முதியோருக்கான தேசிய மருத்துவமனையே திறந்தாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து அதே மின்சார ரயிலில் போகலாம்.

எந்த டாக்டரிடம் போனாலும் சரி, ஒரு காரியம் செய்யுங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மகள் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா நிதானமாகப் பேச ஆரம்பித்தார். மாத்திரை விலை பிள்ளைக்குப் பாரமாக இருக்குமே என்று, எட்டு மாதமாக அதைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்தது அன்றுதான் மகளுக்குத் தெரிந்தது.