‘எல்லாரும் நம்மளையே பாக்குறாங்களோ?’: ஜிம்மில் எடை தூக்க ஆரம்பிக்கும்போது வரும் பயம்... தாண்டுவது எப்படி?

ஜனவரியில் பணம் கட்டிவிட்டு பிப்ரவரியில் காணாமல் போகிறவர்களால்தான் ஜிம்களே ஓடுகின்றன என்று ஒரு கிண்டல் உண்டு. சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நாமும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பாதியில் நின்றவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். "உள்ள போனா என்ன பண்றதுன்னே தெரியல. ட்ரெட்மில்ல இருபது நிமிஷம் நடந்துட்டு வந்துடுவேன்" என்பார்கள். டம்பெல் அடுக்கியிருக்கும் பக்கம் போகவே கூச்சம். அங்கே ஏற்கெனவே நாலு பேர் பனியனோடு நின்று கண்ணாடியைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நாம் போய் 5 கிலோவை எடுத்தால் சிரிப்பார்களோ என்ற எண்ணம்தான் காலைக் கட்டிப்போடுகிறது.

தமிழில் இதற்கு ‘சபைக் கூச்சம்’ என்று அழகான சொல்லே இருக்கிறது. பாடகர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் மட்டும் வருவதில்லை அது.

கூச்சம்தானே, போகட்டும் என்று விடவும் முடியாது. பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. நடைப்பயிற்சி போக, அதற்கு மேல் இது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது நம் தசைகள்தான். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. "வாக்கிங் மட்டும் போதாது, கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய 45 வயதுக்காரர், ஜிம் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டால், நஷ்டம் மாதக் கட்டணம் மட்டும் கிடையாது.

உண்மையிலேயே பார்க்கிறார்களா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இடத்தில் உதவும். ஒரு மாணவரைக் கூப்பிட்டு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ‘எத்தனை பேர் உன் டி-ஷர்ட்டைக் கவனித்திருப்பார்கள்?’ என்று பிறகு கேட்டபோது, போட்டிருந்தவர்களின் கணிப்பு ஏறக்குறைய பாதிப் பேர். உண்மையில் கவனித்தவர்களோ நாலில் ஒருவர் அளவுக்குத்தான். நம் மேல் ஒரு லைட் அடித்துக்கொண்டே இருப்பதுபோல நாமே நினைத்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்த ஆய்வு காட்டியது.

ஜிம்மில் இது இன்னும் பொருந்தும். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் கண்ணாடியில் பார்ப்பது தங்களைத்தான். ஒரு செட் முடித்துவிட்டு அடுத்த செட்டுக்குக் காத்திருப்பவரின் பார்வை உங்கள் பக்கம் இருக்கலாம். மனசு எண்ணிக்கையிலோ பாட்டிலோ இருக்கும். யாருமே பார்க்க மாட்டார்கள் என்று சொன்னால் அது பொய். புது ஆள் வந்தால் ஒரு பார்வை விழும். தெருவில் புது வீட்டுக்குக் குடி வந்தவர்களைப் பார்ப்பது போல. இரண்டாவது வாரம் அதுவும் நின்றுவிடும்.

பயத்தின் வேர் வேறு இடத்தில்

பார்க்கிறார்கள் என்பதைவிட, ‘தெரியாமல் நிற்பதைப் பார்க்கிறார்கள்’ என்பதுதான் பலரை உறுத்துவது. எந்த மெஷினில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், அந்த ஊசியை எந்த ஓட்டையில் செருக வேண்டும், இந்த பெஞ்சில் ஆள் இருக்கிறாரா இல்லையா... புது ஆபீஸில் முதல் நாள் டாய்லெட் எங்கே என்று கேட்கத் தயங்குவோமே, அதே தயக்கம்தான். உடம்பு ஒல்லியா, குண்டா என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை.

திருக்குறளில் ‘அவை அஞ்சாமை’ 73-வது அதிகாரம். அதற்கு முந்தைய அதிகாரம் ‘அவை அறிதல்’. கற்றவர் சபையில் பேசுவதைப் பற்றிய அதிகாரங்கள்தான் அவை. ஆனாலும் அந்த வரிசை ஜிம்முக்கும் அப்படியே ஒத்துப்போகிறது. முதலில் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்.

எனவே பணம் கட்டும் முன், நீங்கள் வழக்கமாகப் போக நினைக்கும் அதே நேரத்தில் ஒருமுறை சும்மா போய் நின்று பாருங்கள். காலை 6 முதல் 8, மாலை 6 முதல் 9 வரை பெரும்பாலான ஜிம்களில் நெரிசல். வேலை இடம் கொடுத்தால் காலை 10 மணிக்கு மேலோ மதியமோ போகலாம். இடம் காலியாக இருக்கும், மாஸ்டருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கும். இன்னொரு ரகசியம்: திங்கட்கிழமை என்றால் பாதி ஜிம் ‘செஸ்ட்’ போடும். பெஞ்சுக்கு வரிசையே நிற்கும். உங்கள் முதல் நாளை செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

சில நடைமுறைகள் எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்காது, ஆனால் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். உள்ளே போட தனி ஷூ. வியர்வைக்கு ஒரு துண்டு. எடுத்த பிளேட்டை எடுத்த இடத்திலேயே வைப்பது. டம்பெல் அடுக்குக்கு முன்னால் ஒட்டி நின்றுகொண்டு பயிற்சி செய்யாமல் இரண்டடி பின்னால் வருவது. மெஷினில் ஆள் இருந்தால், "அண்ணா, இன்னும் எத்தனை செட் இருக்கு?" என்று கேட்கலாம். இந்த ஒரு கேள்வி தெரிந்தாலே பாதி ஜிம் உங்களுக்குத் திறந்துவிடும். "ரெண்டு இருக்கு பிரதர், நடுவுல நீங்களும் போடுங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

முதல் நாள் என்ன செய்வது?

இதுதான் முக்கியம். உள்ளே போன பிறகு யோசிக்கலாம் என்று போகாதீர்கள். போனில் நாலே நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து எழுவது ஒன்று, தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று, குனிந்து நிமிர்வது ஒன்று. ஒரு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்குவாட், அதாவது நம் பள்ளிக்கூட பஸ்கியின் தம்பி. பெஞ்சில் படுத்து இரண்டு டம்பெல்லைத் தள்ளுவது. லாட் புல்டவுன் மெஷினில் கம்பியை மார்பு வரை இழுப்பது. கடைசியாக, லேசான டம்பெல்களைக் கையில் தொங்கவிட்டு, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது. ஒவ்வொன்றிலும் 10 அல்லது 12 எண்ணிக்கை, இரண்டு செட். நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. மொத்தம் 40 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். இதையே ஒரு மாதம் செய்யுங்கள். தினமும் புதுப்புது பயிற்சியைத் தேடி இன்ஸ்டாகிராமில் அலைந்தால், ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முதல் நாளாகவே இருக்கும்.

எவ்வளவு எடை? 12 எண்ணி முடித்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று முறை தூக்கலாம் என்று தோன்றினால் அது சரியான எடை. பெண்களோ பெரியவர்களோ 2 கிலோவில் தொடங்கினாலும் தவறில்லை. பக்கத்தில் இருப்பவருக்காக எடையை ஏற்றுவதுதான் ஆபத்து. பயத்தை மறைக்க வீம்பு பிடித்து, முதல் வாரமே முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்தவர்கள் நிறைய.

நீளமான ராடு பக்கம் போகும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒலிம்பிக் தரத்தில் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. அதாவது ஒரு பிளேட்கூட மாட்டாத ‘வெறும்’ ராடே ஒரு அரிசி மூட்டை கனம். ஆனால் நம் ஊர் ஜிம்களில் பல அளவு ராடுகள் கிடக்கும், சில அதைவிடப் பாதிகூட இருக்காது. "மாஸ்டர், இந்த ராடு எத்தனை கிலோ?" என்று கேட்பதில் அசிங்கம் எதுவும் இல்லை. வெறும் ராடைத் தூக்குவது கேவலம் என்று நினைக்கிறீர்களா? 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அந்த மாதிரி உயரத்தில் இருக்கும் வீரர்களும் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக் கையில் எடுப்பது வெறும் ராடைத்தான்.

பெஞ்சில் படுத்து ராடைத் தூக்கும்போது தனியாகச் செய்ய வேண்டாம். "ஒரு சப்போர்ட் குடுங்கண்ணா" என்று பின்னால் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். பல வருடமாகத் தூக்குகிறவர்களும் இதைக் கேட்பார்கள். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள். இதயப் பிரச்சினை, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகுதான் ஜிம்மே.

மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். ஒன்று முதல் மூன்று நாள் வரை இருக்கும் இந்த வலி இயல்பானதுதான். மூட்டில் குத்துகிற வலி, மார்பில் அழுத்தம், சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போவது ஆகியவை இயல்பு இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று நாலு வாரத்தில் தூக்கும் எடை கூடும். கண்ணாடியில் கை அப்படியேதான் இருக்கும். ஏமாற்றம் வேண்டாம். ஆரம்ப வாரங்களில் பலம் கூடுவதற்கு முக்கியக் காரணம், இருக்கிற தசையைச் சரியாக வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வது. தசை வளர்வது அதற்குப் பிறகு நிதானமாக நடக்கும்.

பெண்களுக்கு...

"வெயிட் தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிடுவ" என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். பெண்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. வாரத்துக்கு மூன்று நாள் டம்பெல் தூக்கினால் அப்படியெல்லாம் ஆகிவிடாது. மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகக் குறையும் எலும்பின் வலுவைக் காக்க இந்தப் பயிற்சி உதவும் என்பதுதான் விஷயம். சில ஜிம்களில் பெண்களுக்கென்றே தனி நேரம் உண்டு, விசாரியுங்கள். தோழியோ அக்காவோ கூட வந்தால் முதல் வாரம் சுலபமாகக் கழியும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள். இந்தக் கட்டுரை பேசுவது நம் மனசுக்குள் இருக்கும் கூச்சத்தை. கேட்காமல் தொட்டு ‘ஃபார்ம் சரி பண்ணுவது’, போனில் படம் எடுப்பது, பின்னாலேயே வந்து பேசுவது எல்லாம் கூச்சக் கணக்கில் சேராது, அவை தொல்லை. அதைப் பொறுத்துக்கொண்டு பழக வேண்டிய அவசியமே இல்லை. உரிமையாளரிடம் சொல்லுங்கள். அங்கே நடவடிக்கை இல்லையென்றால் காவல்துறை இருக்கிறது, பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

பணம், பவுடர்

பயந்த முகத்தோடு வருகிறவரிடம்தான் வியாபாரம் சுலபம். "ஒரு வருஷத்துக்கு கட்டுனா பாதி விலை" என்பார்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். அந்த ஒரு மாதத்தில் 12 நாள் போயிருந்தீர்கள் என்றால் அடுத்த மூன்று மாதத்துக்குக் கட்டலாம். புரோட்டீன் பவுடரை முதல் வாரமே தலையில் கட்டப் பார்த்தால், "அப்புறம் பாத்துக்கலாம் மாஸ்டர்" என்று நகர்ந்துவிடலாம். முட்டை, பருப்பு, தயிர், மீன், சுண்டல் இருக்கும் வீட்டில் ஆரம்பத்தில் அதற்கு அவசரம் இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஊசி, மாத்திரை என்று யாராவது பேச்செடுத்தால், அது அநேகமாக ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. அந்தப் பேச்சு வருகிற ஜிம்மில் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஜிம் பாருங்கள்.