கிருமிக்கு முன்னால் ரத்தம் போய்ச் சேர வேண்டும்

மும்பையில் தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு, டாக்டர் மாதுரி கோரேயின் முயற்சியால் தோல் வங்கி தொடங்கப்பட்டது. இறந்தவர்கள் தானமாகத் தந்த தோலை 85 சதவீத கிளிசராலில் ஊறவைத்துக் குளிரில் பாதுகாக்கிறார்கள். உடம்பில் பெரும்பகுதி வெந்துபோனவருக்கு அவருடைய தோலையே எடுத்து ஒட்டப் போதுமான இடம் மிஞ்சியிருக்காது. சொந்தத் தோலை ஒட்ட முடியும்வரை புண்ணை மூடிக் காப்பது இந்தத் தானத் தோல்தான்.

செயற்கை உறைகள் விற்கும் காலத்தில் இறந்தவரின் தோல் எதற்கு?

1957இல் எலெக், கோனென் என்ற ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் வேண்டியிருந்தன. ஆனால் அங்கே ஒரு பட்டுத் தையல் நூல் கிடந்தால், சில நூறே போதும். அந்நியப் பொருளுக்குள் ரத்தம் ஓடாது. வெள்ளணுவும் மருந்தும் ரத்தத்தோடுதான் வரும். அந்த இடைவெளியில் கிருமி பொருளின் மேல் ஒட்டி, பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கிறது. பிறகு ஆன்டிபயாட்டிக் அதைத் தொடுவது கடினம். பொருளின் மேற்பரப்பை முதலில் பிடிப்பது உடம்பின் செல்லா கிருமியா என்ற பந்தயம் இது என்று 1987இல் அமெரிக்க மருத்துவர் கிரிஸ்டினா எழுதினார்.

தானத் தோல் புண்ணோடு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வதால், கிருமி தங்க இடம் குறைகிறது.

அதற்காக, உயிரிலிருந்து வந்தது எல்லாமே கிருமியை எதிர்க்கும் என்று நம்பிவிடக் கூடாது. சுத்திகரிக்காத திசுவே கிருமியைச் சுமந்து வரும். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைப் புண்ணுக்கு உறையாக்கும் டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி, 1988இலிருந்து அதைக் காமா கதிரால் கிருமி நீக்கித் தருகிறது. செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் 1974 முதல் இயங்கும் ஐசோமெட் ஆலையில் கோபால்ட்-60 செய்வதும் இதே வேலைதான்.

குடலிறக்க அறுவையில் கணக்கே தலைகீழானது. கிருமித் தொற்று அபாயமுள்ள 253 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை 2022இல் வெளியானது. காயச் சிக்கல்களில், விலங்குத் திசுவால் செய்த உயிரியல் வலைக்கும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் குடலிறக்கம் திரும்ப வந்தது முன்னதில் 20.5 சதவீதம், பின்னதில் 5.6 சதவீதம். விலையிலோ உயிரியல் வலை பல மடங்கு அதிகம். நல்ல பாலிப்ரொப்பிலீன் வலையின் கண்கள் அகலமானவை. கிருமி ஒரு மைக்ரான் அளவுதான், எந்தச் சந்திலும் நுழையும். அதைத் துரத்தும் பெரிய வெள்ளணுவுக்கோ சுமார் 75 மைக்ரான் வழி வேண்டும். அந்த வழி இருந்தால் பிளாஸ்டிக்கும் தாக்குப்பிடிக்கிறது. ஆக, பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, உடம்பின் காவல் அதற்குள் போக முடிகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

தீப்புண்ணில் மட்டும் தானத் தோலுக்கு ஈடாகச் சொல்ல இன்னும் மலிவான பொருள் இல்லை என்பதே என் எண்ணம். சில வாரங்களில் உடம்பு அதை உதறிவிடும். அதற்குள் சொந்தத் தோலை ஒட்ட வேண்டும். வெந்த பரப்பு பெரியது என்பதால் ஒரே நோயாளிக்கே நிறையத் தோல் தேவைப்படும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்னால், குழு வீட்டுக்கே வரும். தொடை, கால், முதுகு ஆகிய இடங்களில் தோலின் மேலடுக்கை மட்டும் மெல்லியதாக எடுப்பார்கள். முகத்தைத் தொடுவதில்லை, ரத்தமும் வழியாது, ரத்தப் பிரிவு பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. எச்ஐவி, மஞ்சள்காமாலை வைரஸ், தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் எடுப்பதில்லை.