கூரைப் பீலியும் குடியிருப்பின் காப்பும்

மழையைத் தடுப்பது கூரையின் தொழில். தடுத்த மழையை வழிப்படுத்துவது பீலியின் தொழில். முன்னதை அறியாதார் இலர். பின்னதை எண்ணிப் பார்ப்பார் சிலரே. கூரையை விட்டு நீங்கிய நீருக்கும் வீட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே பலரும் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. வீட்டைக் கெடுக்கும் நீரிற் பெரும்பகுதி கூரையைத் துளைத்து வருவதன்று. கூரையினின்று இறங்கியபின் சுவரையும் அத்திவாரத்தையும் நாடி வருவதேயாம். தோட்டப்புறத்திற் பீலி என்றதும் ஊற்றுநீர் வீழும் குழாய்வாயை முதலிற் கருதுவர். ஈண்டுக் கூரையோரத்தே மழைநீரை ஏந்திச் செல்லும் நீண்ட தகர வாய்க்காலையே அச்சொல்லாற் குறிக்கின்றோம்.

ஓடும் நீரைச் சுவரினின்று விலக்கவேண்டும் என்ற அறிவு நம் நாட்டுக்குப் புதியதன்று. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிற் பௌத்தத் துறவியர் உறைந்த மலைக்குகைகள் பலவற்றின் வாயின்மேல், பாறையின் நெற்றியில், நீண்டதொரு விளிம்பு செதுக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். பாறைமுகத்தில் வழிந்துவரும் நீர் அவ்விளிம்பைக் கடந்து உட்புக மாட்டாமல் அங்கேயே சொட்டி வெளியே வீழும். குகையை ஈந்தோரின் பெயர்கள் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருப்பதும் பெரும்பாலும் அவ்விளிம்பின் கீழேயாம். திராவிடக் கோயில்களிற் சுவருக்கு வெளியே வளைந்து நீளும் கொடுங்கையும் அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. நீரை அப்பால் வீழ்த்தும் பயனும் அதற்கு உண்டு.

இனி, இவ்வறிவு மிகுதியும் வேண்டப்படும் ஓரிடத்தை நோக்குவோம். சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் நிறைந்த பகுதியில் உள்ளது நிவித்திகல. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் சராசரி மழை 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. யாழ்ப்பாணத்து மழையினும் இருமடங்குக்கு மேலானது. இத்தகைய மழை நாட்டிலே தோட்டத் தொழிலாளர் பலர் இன்றும் வாழ்வது லயங்கள் எனப்படும் தொடர்வீடுகளில். 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பராவும், முன்னே ஓர் இஸ்தோப்பும், மேலே நெளிதகரக் கூரையும் அவற்றின் பழைய அமைப்பு.

இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். 1 சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 இலீற்றர் நீர் சேரும். ஒரு காம்பராவையும் இஸ்தோப்பையும் மூடும் கூரையை 10 அடிக்கு 20 அடி எனக் கொண்டால், அதன் பரப்பு ஏறக்குறைய 18½ சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு பெருமழை நாளில் அக்கூரையினின்று இறங்கும் நீர் 1,850 இலீற்றர். ஒரு வரிசையிற் பத்துக் காம்பராக்கள் இருப்பின் 18,500 இலீற்றர். அஃதாவது பதினெட்டரைத் தொன். இவ்வளவு நீரையும் ஒரு மெல்லிய தகரப் பீலி ஏந்திச் செல்லவேண்டும். அஃது ஓரிடத்தில் உடைந்தால், பத்து வீட்டுக் கூரைநீரிற் பெரும்பங்கு ஒரு வீட்டின் அடியிலே கொட்டும் என்பதை மறத்தலாகாது.

பீலியின் கேட்டை அறிதற்குரிய குறிகள் சில உள. பீலி தன் வாயால் வடியாது நடுவிலே பொங்கி வழிந்தால், அங்கே அடைப்பு உண்டு, அன்றேல் தாங்கி தளர்ந்து பீலி தொய்ந்துள்ளது எனக் கொள்க. கூரையோரப் பலகை கறுத்து மெத்தென்று இருந்தால், நீர் பீலியின் பின்புறமாக வழிகின்றது. இறவாரத்தின் கீழே நிலத்திற் குழி விழுந்திருத்தலும், சுவரின் அடியிற் சேற்றுத் தெறிப்பு ஏறியிருத்தலும், நீர் பீலிக்குள் வீழாது தப்புகின்றது என்பதைக் காட்டும். சுவரிற் பச்சைப் பாசியோ வெள்ளை உப்புப் பூப்போ தோன்றுமாயின், ஈரம் உள்ளே குடியேறிவிட்டது. இவை யாவற்றையும் வெயிற்காலத்திற் காண்பதினும், மழை பெய்துகொண்டிருக்கும்போது குடைபிடித்து வெளியே நின்று நோக்குதல் சிறந்தது. மழையே பீலிக்குரிய பரிசோதகன்.

கேடு எதனால் விளைகின்றது என்பதை அடுத்து ஆராய்வோம். முதற் காரணம் இலை. இறப்பர் மரம் தை, மாசி மாதங்களில் இலையுதிர்க்கும். பங்குனி, சித்திரையிற் பிற்பகல் இடிமழை தொடங்குமுன்னரே பீலி நிரம்பிவிடுகின்றது. இரண்டாவது காரணம் துரு. இரும்புத் தகரத்தைக் காப்பது அதன்மேற் பூசப்பட்ட துத்தநாகம். அது தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும் இயல்பினது. மட்கிய இலை ஓயாது ஈரமாய்க் கிடக்குமிடத்தில் அப்பூச்சு விரைவிற் கரைந்துபோக, பின்னர் இரும்பு தின்னப்படும். மூன்றாவது காரணம் சரிவின்மை. ஒவ்வொரு 10 அடிக்கும் அரை அங்குலமேனும் தாழ்ந்து செல்லாத பீலியில் நீர் தேங்கும்.

தேங்கிய நீர் தகரத்தை மட்டும் கெடுப்பதன்று. டெங்கு நுளம்பு முட்டையினின்று முழு வளர்ச்சி பெற 7 முதல் 10 நாள்கள் போதும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். கண்ணுக்கு எட்டாத உயரத்தில் உள்ள பீலி, முற்றத்துச் சிரட்டையினும் ஆபத்தானது. சிரட்டையைக் கவிழ்ப்பார் உளர், பீலியை நோக்குவார் இலர்.

தடுக்கும் வழிகள் அரியன அல்ல. மாசி இறுதியில் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன் சித்திரை இறுதியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை என ஆண்டுக்கு மும்முறை பீலியை முழுதும் துப்புரவாக்கவேண்டும். மழைக்காலத்தில் வாரந்தோறும் நீர் தேங்குகின்றதா எனப் பார்த்தல் நன்று. துப்புரவின்பின் மேற்றலையில் ஒரு வாளி நீர் ஊற்றினால், அது தங்கும் இடம் தொய்வைக் காட்டிவிடும். தாங்கிகள் 3 அடிக்கு மேற்படாத இடைவெளியில் அமைதல் வேண்டும். கூரைத் தகரத்தின் நுனி பீலிக்குள் 2 அங்குலம் நீண்டிருத்தலும், பீலியின் வெளிவிளிம்பு உள்விளிம்பினும் சற்றுத் தாழ்ந்திருத்தலும் நலம். நிரம்பி வழிய நேரினும் நீர் சுவர்ப்பக்கம் திரும்பாது. ஊசித் துளைகளைக் கம்பித் தூரிகையாற் சுரண்டித் தாரும் துணியும் இட்டு அடைக்கலாம். விரலால் அழுத்த நெளியும் தகரத்தை மாற்றுவதே தகும். பிளாத்திக்குப் பீலி துருப்பிடியாது. எனினும் அடைப்பும் தொய்வும் அதற்கும் உண்டு. ஏணியில் ஏறுவோர் ஈரநாளையும் மின்கம்பியின் அண்மையையும் தவிர்க்க. கூரைத் தகட்டின்மேல், சிறப்பாக அசுபெசுத்தின்மேல், கால்வைத்தல் ஆகாது.

பீலியின் வாயோடு கடமை முடிந்துவிடுவதன்று. இறங்குகுழாயின் நீரைச் சீமெந்திட்ட கானில் விட்டு, அக்கானை வீட்டைவிட்டு நெடுந்தூரம் கொண்டுசென்று ஓடையிற் சேர்த்தல் வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்திலேதான் லயங்கள் பல நிற்கின்றன. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. அத்தகைய பேரழிவைப் பீலி உண்டாக்கவும் இல்லை, தடுக்கவும் வல்லதன்று. ஆயினும் வெட்டிய மண்சரிவின் விளிம்பிலே கூரைநீர் இடைவிடாது ஊறுமாயின், மண்ணின் பாரம் கூடிப் பிடிப்புக் குறையும். வீட்டின் அண்மையிலே நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாய்க் கலங்கல் ஊற்றுத் தோன்றினாலோ, பீலியைத் திருத்த நில்லாது வெளியேறித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு அறிவித்தலே அறிவுடைமை.

எஞ்சி நிற்பது ஒரு வினா: இவற்றைச் செய்யவேண்டியவர் யார்? தனிவீட்டுக்காரருக்கு இவ்வினா எழாது. லயத்திலோ கூரை ஒன்று, பீலி ஒன்று, குடும்பங்கள் பத்து. கட்டடமோ குடியிருப்பவர் எவருக்கும் உரியதன்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இற் பல தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறினும், தலைமுறை தலைமுறையாக அக்கூரையின் கீழ் வாழ்வோர் உரிமையற்றோராகவே பெரும்பாலும் இருந்துவந்தனர். பீலி நிருவாகத்தின் பொருளாகவும், அதனால் விளையும் ஈரம் தொழிலாளியின் பங்காகவும் அமைந்துவிட்டன. ஈரச்சுவரின் ஓரத்திற் படுத்துறங்கும் குழந்தையின் இருமல் எந்தத் தோட்டத்துக் கணக்கேட்டிலும் செலவாகப் பதியப்படுவதில்லை.

நுளம்புப் பெருக்கத்தைத் தடுத்தற்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டம் உரிமையாளர், குடியிருப்பவர் ஆகிய இருதிறத்தாரையும் கடமைக்கு உட்படுத்துகின்றது. அந்நெறியே பீலிக்கும் பொருந்துவதாகும். தகரமும் தாங்கியும் கானும் அமைத்தல் உரிமையாளரின் கடன். இலை வாருதலும், பழுதைக் கண்ட நாளிலேயே நாளிட்டு எழுத்தில் அறிவித்தலும் குடியிருப்போர் தம்முள் முறைவைத்துச் செய்யத்தக்கன. அவ்வாறு எழுதிய ஏட்டின் பிரதியொன்றை லயத்திலே பேணுதல், கேட்பாரற்ற குறையைக் கேட்கப்படும் உரிமையாக மாற்றும். எழுத வல்ல பிள்ளைகள் இன்று தோட்டங்களில் நிரம்ப உளர். தாம் கற்ற எழுத்தையும் கணக்கையும் அவர்கள் முதலிற் செலுத்தத்தக்க இடங்களுள், தம் வீட்டுக் கூரையின் ஓரமும் ஒன்றாகும்.