டிரெய்லர் டயர் வாங்கும் முன்

கரும்பு வெட்டு தொடங்கினாலும், நெல் அறுவடை முடிந்தாலும் கிராமத்துச் சாலைகளில் டிராக்டர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. சிறு விவசாயிகளின் டிரெய்லர் ஆண்டில் மூன்று நான்கு மாதம் ஓடினால் அதிகம். மற்ற மாதங்களில் அது களத்து ஓரத்தில் வெயிலில் நிற்கிறது. ஓடாத வண்டியின் டயர் தேய்வதில்லை. தேயாத டயர் கெடாது என்று பலரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணமே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது.

பட்டன் நிறைய இருந்தும் வயதாலும் வெயிலாலும் உள்ளே நலிந்துபோன டயர், முழுச் சுமை ஏறிய முதல் நடையிலேயே வெடிக்கக்கூடும். சுமை ஒருபுறம் சாய்ந்தால் டிரெய்லர் கவிழும். டிராக்டரையும் இழுத்துச் சாய்க்கும். உயிருக்கு ஆபத்து ஏற்படாவிட்டாலும் நட்டம் சிறிதன்று. வெட்டிய கரும்பு வழியில் நின்றால் எடை குறையும். சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே டயர் வாங்கும்போது விலையையும் பட்டனையும் மட்டும் பார்ப்பது போதாது. டயரின் பக்கத்தில் அச்சாகியுள்ள எழுத்துக்களைப் படித்துப் பார்த்து வாங்குதல் வேண்டும். அந்த எழுத்துக்களை அறிந்துகொள்வது கடினமன்று.

டயர் ஏன் கெடுகிறது?

டயரில் ரப்பர் மட்டுமே இருப்பதில்லை. உள்ளே நைலான் போன்ற இழைகளால் ஆன அடுக்குகளும், ரிம்மைப் பற்றிக்கொள்ளும் விளிம்பில் எஃகுக் கம்பி வளையங்களும் உள்ளன. சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று; அந்தக் காற்றை அடக்கி வைப்பது இந்த இழைகள். வெயில், காற்றிலுள்ள ஓசோன், டீசல், எண்ணெய் ஆகியவை நாளடைவில் ரப்பரின் நெகிழும் தன்மையைக் கெடுக்கின்றன. முதலில் பக்கங்களில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பின்னர் அவை ஆழமாகும். அவற்றின் வழியே ஈரம் நுழைந்து இழைகள் வலுவிழக்கும். ஓடும் டயரைவிட, ஒரே இடத்தில் சுமையுடனும் காற்றுக் குறைவாகவும் நிற்கும் டயரில் இந்தக் கேடு எளிதில் உண்டாகிறது.

அளவும் வலுவும்

டயரின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பது அதன் அளவு. 13.6-28 என்றிருந்தால் டயரின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். இது டிராக்டரின் பின் சக்கர டயர்களில் ஒன்று. 6.00-16 என்பது பல டிராக்டர்களின் முன் சக்கரத்தில் காணப்படும் அளவு. நடுவில் சிறு கோட்டுக்குப் பதிலாக ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறு பக்கம் சாதா டயரும் போடக்கூடாது. அளவும் பட்டன் அமைப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்துக் காண்பது ‘பி.ஆர்.’ என்ற எழுத்துக்களும் 8, 12, 16 போன்ற ஓர் எண்ணும். இது டயரின் வலுவைக் குறிக்கும். எண் உயர உயர, கூடுதல் காற்றும் கூடுதல் சுமையும் தாங்கும். உள்ளே அத்தனை அடுக்குகள் இருப்பதாக இதற்குப் பொருளில்லை. ஒரே அளவில் 8 பி.ஆர். டயரும் 16 பி.ஆர். டயரும் கடையில் கிடைக்கலாம். விலை குறைந்ததை வாங்கிவிட்டுப் பழைய டயர் சுமந்த பாரத்தையே இதிலும் ஏற்றுவது ஆபத்து.

சுமைக் கணக்கு

பல டயர்களில் சுமைக் குறியெண் ஒன்று அச்சாகியிருக்கும். அது உலகெங்கும் ஒரே பொருள் உடையது. ஒரு டயர் தாங்கக்கூடிய எடை கீழ்க்கண்டவாறு அமையும்.

110 - 1,060 கிலோ
120 - 1,400 கிலோ
125 - 1,650 கிலோ
130 - 1,900 கிலோ
140 - 2,500 கிலோ

சாய்கோட்டுடன் இரண்டு எண்கள் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்திற்கும், அடுத்தது இரட்டைச் சக்கரத்திற்கும் உரியது. எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும். ‘ஏ6’ என்றால் மணிக்கு 30 கிலோ மீட்டர். ‘ஏ8’ என்றால் 40 கிலோ மீட்டர். சில டயர்களில் குறியெண்ணுக்குப் பதிலாகக் கிலோ கணக்கிலேயே எடை எழுதப்பட்டிருக்கும்.

நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றின் காலி எடை ஒன்றரை டன் என்று கொள்வோம். அதில் 5 டன் கரும்பு ஏற்றினால் மொத்தம் 6,500 கிலோ. ஒரு டயருக்கு 1,625 கிலோ பங்கு வரும். ஆனால் சுமை எல்லாச் சக்கரத்திலும் சமமாக விழுவதில்லை. மேடு பள்ளத்தில் ஒரு பக்கம் கூடும். ஆகவே நூற்றுக்கு 15 பங்காவது கூடுதலாகக் கணக்கிட வேண்டும். அப்போது சுமார் 1,870 கிலோ ஆகிறது. இதற்குக் குறியெண் 130 உடைய டயர் பொருந்தும்.

அதே டிரெய்லரில் 8 டன் ஏற்றினால் மொத்தம் 9,500 கிலோ; சமமாகப் பங்கிட்டாலே டயருக்கு 2,375 கிலோ. அந்த டயர் தாங்கக்கூடியதைவிட இது கால் பங்கு அதிகம். ஒரு நடை மிச்சமானதாகத் தோன்றலாம். ஆனால் அன்று வெடிக்காத டயரும் உள்ளே இழை விட்டுப்போய், மற்றொரு நாள் குறைந்த சுமையிலேயே வெடிக்கக்கூடும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் சுமையின் ஒரு பகுதியை டிராக்டர் தாங்குகிறது. எனினும் முழு எடையையும் இரண்டு டயருக்கே பங்கிட்டுக் கணக்கிடுவது பாதுகாப்பானது. உண்மையான எடையை அறிய, ஆலையில் தரும் எடைச் சீட்டையே பயன்படுத்தலாம். எடை மேடையில் டிராக்டரும் சேர்ந்து ஏறியிருந்தால் அதன் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

டயரின் வயது

டயரின் பக்கத்தில் ‘டி.ஓ.டி.’ எனத் தொடங்கும் வரியின் இறுதியிலோ தனியாகவோ நான்கு இலக்கங்கள் சிறு கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் காட்டும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம், அதாவது ஆகஸ்டு மாதக் கடைசியில் தயாரானது. மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000-க்கு முன் செய்த டயர். அதைத் தொடவே வேண்டாம். இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கத்தை உட்புறமாக வைத்து மாட்டியிருந்தால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பருவம் தொடங்கும் முன் கழற்றி, உள்ளும் புறமும் சோதிப்பது அவசியம். பத்து ஆண்டு ஆன டயரைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் சாலைச் சுமைக்குப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுதல் நலம்.

பழைய லாரி டயர் வாங்கலாமா?

செலவைக் குறைக்க, லாரியில் ஓடிக் கழித்த டயரை டிரெய்லருக்கு வாங்குவோர் பலர். வாங்குவதானால் கீழ்க்கண்டவற்றைப் பார்க்காமல் பணம் தரக்கூடாது.

1. தயாரிப்பு வாரமும் ஆண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். அவை சுரண்டப்பட்டிருந்தால் வேண்டாம்.

2. பக்கங்களை அழுத்தி வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு விரிந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ வேண்டாம். கறுப்பு மெருகு பூசிப் பளபளப்பாக்கிய டயரை ஈரத் துணியால் துடைத்தபின் பார்க்க வேண்டும்.

3. உட்புறம் முழுவதும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வீக்கம், பெரிய ஒட்டு, முறிந்த கம்பி இருந்தால் கைக்குத் தெரியும்.

4. தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பள்ளத்தின் ஆழம் கூடியதாகத் தோன்றும். ஆனால் இழைகளுக்குக் காப்பான ரப்பர் போய்விட்டிருக்கும்.

5. பள்ளத்தின் நடுவே குறுக்காக உள்ள சிறு மேடுகள் தேய்மான அடையாளங்கள். அவை 1.6 மி.மீ. உயரம் உடையவை. பட்டன் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ரீட்ரெடிங் செய்த டயர் தவறானதன்று. அடி டயர் நல்லதாகவும் வயது குறைந்ததாகவும் இருந்தால் டிரெய்லருக்குப் பயன்படும். தன் டயரையே கொடுத்து ரீட்ரெடிங் செய்து வாங்குவது சிறந்தது. அதன் வரலாறு தெரிந்திருக்கும். டிராக்டரின் முன் சக்கரத்திற்கு மட்டும் இது வேண்டாம். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

லாரி, கார், இரு சக்கர வாகன டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2009-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. டிரெய்லருக்குப் புதிய லாரி வகை டயர் வாங்குவோர் இந்த முத்திரையைப் பார்த்து, டயரின் வரிசை எண் எழுதிய ரசீதுடன் வாங்க வேண்டும். ரசீது இல்லையேல் உத்தரவாதம் கேட்க இயலாது.

மாட்டும்போது கவனம்

டயர் மாட்டும் இடத்திலும் உயிரிழப்பு நேர்வதுண்டு. டயரில் காற்று இருக்கும்போது ரிம்மில் வெல்டிங் செய்யவே கூடாது. உள்ளே சூடேறி டயர் வெடிக்கும். ரிங் உள்ள ரிம்மாக இருந்தால் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே கழற்ற வேண்டும். டிராக்டர் டயரின் விளிம்பு ரிம்மில் அமர சோப்பு நீர் தடவினால் போதும். அமரவில்லை என்று 35 பவுண்டுக்கு மேல் காற்றை ஏற்றக்கூடாது. காற்றை இறக்கிவிட்டு மீண்டும் முயல வேண்டும். காற்று ஏறும்போது டயருக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது.

பின் சக்கர டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை மாற்றிப் போட்டால் சேற்றில் பிடிப்புக் குறையும்.

காற்று அளவு

டயர் வெடிப்புக்குப் பெருங்காரணம் குறைந்த காற்றும் கூடிய சுமையும் சேர்வது. காற்றுக் குறைந்த டயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதனால் சூடேறி ரப்பரும் இழையும் பிரியும். எனவே காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது மானியால் அளந்து பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது.

டிராக்டரின் பின் சக்கரத்திற்கு உழவின்போது பெரும்பாலும் 12 முதல் 14 பவுண்டு போதுமானது. சாலையில் சுமை இழுக்கும்போது கையேட்டில் உள்ளபடி உயர்த்திக்கொள்ள வேண்டும். டிரெய்லர் டயருக்கு இதைவிடப் பல மடங்கு தேவைப்படும். அது எவ்வளவு என்பதை டயரின் பக்கத்திலோ நிறுவனத்தின் அட்டவணையிலோ பார்த்துக்கொள்ளலாம்.

நிற்கும் காலத்தில்

பருவம் முடிந்ததும் சேறு, உரம், எண்ணெய்க் கறைகளைக் கழுவ வேண்டும். ஜாக்கி வைத்து டிரெய்லரைத் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை கொடுத்தால் டயருக்குப் பாரம் இராது. கூரை இல்லையெனில் பழைய சாக்காலோ தென்னங்கீற்றாலோ டயர்களை மூடி வைக்கலாம். டீசல் பீப்பாய்க்கும் ஓடும் மின் மோட்டாருக்கும் அருகில் டயரை வைக்கக்கூடாது. இந்தச் சிறு வேலைக்குச் செலவில்லை; டயரின் ஆயுள் கூடும்.

சொந்த டிராக்டர் இல்லாமல் வாடகைக்கு வைப்போரும் சுமை ஏற்றும் முன் ஒருமுறை டயர்களைச் சுற்றிப் பார்க்கலாம். வெடிப்புக் கண்ட டயருடன் வரும் வண்டியில் விளைபொருளை ஏற்றாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சுமையின் மேல் ஆட்களை ஏற்றுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

அளவு, வலு, சுமைக் குறியெண், தயாரித்த வாரம் ஆகிய நான்கையும் பார்த்து டயர் வாங்குவோர், பருவத்தின் நடுவே வண்டி நின்று நட்டப்படாமல், விளைந்ததைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கலாம்.