நிலக்கரி லோரியில் வந்த ஊழல்

தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தருவது 1923-இல் தோன்றிய எஸ்கோம் என்னும் அரசு நிறுவனம். 2020 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகியானவர் ஆந்திரே டி ரெய்ட்டர்.

அங்கே ஊழல் பெரிய ஒப்பந்தங்களோடு நிற்கவில்லை. சுரங்கத்தில் ஏற்றிய நல்ல நிலக்கரி வழியில் இறக்கப்படும். பதிலுக்குத் தாழ்ந்த கரியும் கல்லும் ஏறும். எடை சரியாகவே இருக்கும்! அந்தக் கல், கரியை அரைக்கும் இயந்திரத்தைத் தேய்த்துவிடும். மிகுந்த சாம்பல் கொதிகலன் குழாய்களை அரிக்கும். இயந்திரம் நின்றதும் ஊர்களுக்கு முறைவைத்து மின்வெட்டு.

மேசையில் அமர்ந்திருக்கும் தலைவர் இதை எப்படிப் பிடிப்பது? ஒப்பந்தத்தை வழக்காடி மீட்கலாம். குசிலே மின்நிலைய விவகாரத்தில் ஏபிபி நிறுவனம் 156 கோடி ராண்ட் திருப்பித் தர 2020 டிசம்பரில் இணங்கியது. லோரித் திருட்டுக்கோ காவல்துறையின் துணை வேண்டும். அது போதவில்லை என்பதே அவருடைய மனக்குறை.

2022 டிசம்பரில் பதவி விலகல் கடிதம் கொடுத்த நாட்களில், தமது காப்பியில் சயனைடு கலக்கப்பட்டதாக அவர் தெரிவித்தார். 2023 பிப்ரவரியில், ஆளுங்கட்சியைச் சாடிய தொலைக்காட்சிப் பேட்டிக்குப் பின் உடனே வெளியேறினார்.

ஆயினும் அவர் காலத்தில் மின்வெட்டு பெருகியதையும் மறைக்கலாகாது. 2024 மார்ச் இறுதி முதல் ஏறக்குறைய பத்து மாதங்கள் நாடு மின்வெட்டின்றி இருந்தது. அப்போது தலைமையில் இருந்தவர் டான் மரோகானே.