காமிரா காட்டும் நிறம்

புனே நகரில் வாழும் நம் உறவினர் ஒருவர், தம் மகளின் மணநாளை முன்னிட்டுத் திருக்காளத்திக் கலம்காரிச் சீலை ஒன்றை வாங்கி அனுப்புமாறு நம்மிடம் கேட்டிருந்தார். நாம் வசிப்பது திருப்பதியில். காளத்தி நமக்கு அடுத்த ஊர் போன்றது. நேரிற் சென்று சீலையைத் தெரிந்தெடுத்து, நம்முடைய சிறு டிஜிட்டல் காமிராவினால் படம் பிடித்து அனுப்பினோம். மணமகளுக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் சீலை போய்ச் சேர்ந்த மறு வாரமே திரும்பி வந்தது. படத்தில் அவள் கண்டது செம்பருத்திப் பூவின் சிவப்பு. பொதியைத் திறந்தபோது கண்டதோ செங்கல்லின் சிவப்பு. பல நாள் உழைத்து அதனைத் தீட்டிய கலைஞர் ஒரு சொல்லும் கூறாமல் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவர்மீது பிழையில்லை, மணமகள்மீதும் பிழையில்லை. பிழை காமிராவினுடையது, அதனை ஆராயாமல் நம்பிய நம்முடையதும் ஆகும்.

1960-ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பெற்றுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபொழுது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கும், உறவும் ஊரும் இன்று பெரும்பாலும் படங்களின் வாயிலாகவே வந்து சேருகின்றன. ஆகவே காமிரா வாங்கச் செல்பவர் எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடுதல் போதாது. அந்த எண் படத்தின் நுணுக்கத்தைப் பற்றியது. நிறத்தின் உண்மையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

காமிரா நிறத்தை எவ்வாறு அறிகிறது? அதனுள் இருக்கும் ஒளியுணர் சில்லுக்கு இயல்பாக நிறம் தெரியாது. ஒளி மிகுதியா குறைவா என்பது மட்டுமே தெரியும். ஆதலின் சில்லின் நுண்ணிய கட்டங்களின்மேல் வண்ண வடிகட்டிகளை ஒட்டுகின்றனர். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பார் வகுத்து, 1976-இல் உரிமம் பெற்ற முறை இது. நம் கண்ணிலும் நிறமறியும் கூம்புகள் மூவகை உண்டு. எனினும் கண்ணின் கூம்பு ஒளியைப் பகுத்தறியும் விதமும், வடிகட்டி பகுக்கும் விதமும் முற்றும் ஒன்றல்ல. அவ்வேற்றுமையைக் காமிராவினுள் இருக்கும் கணிப்பொறி கணக்கிட்டு ஈடு செய்கிறது. அக்கணக்கை வகுப்போர் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறானவர். அவர்களுடைய சுவையும் வேறு. சிலர் வானத்தை ஆழ்ந்த நீலமாகக் காட்ட விரும்புவர்; சிலர் முகத்திற்குச் சற்றுச் செம்மை கூட்டுவர். பிலிம் சுருள் இருந்த காலத்தில் இச்சுவை சுருளில் இருந்தது. பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு சுருள் வாங்கலாம். டிஜிட்டல் காமிராவில் அது கருவியோடே பிறந்துவிடுகிறது.

நிறத்தைச் சோதிக்கக் காளத்திச் சீலையை விடச் சிறந்த துணி வேறில்லை என்பது நம் துணிபு. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். அதனால் இளம் பழுப்புத் தளம் அமைகிறது. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெறும் கசிமி என்னும் நீர், கடுக்காய்த் தளத்தில் பட்டவுடன் கறுக்கிறது. கம்பளி சுற்றிய எழுதுகோலால் கோடு வரைவதும் அதனாலேதான். படிகாரம் தடவிய இடம் சாயவேரின் சாற்றில் கொதிக்கும்போது சிவக்கிறது. இம்பூறல் என்று நம் நாட்டில் வழங்கும் செடியின் வேரே சாயவேர். நீலத்திற்கு அவுரி. இவை யாவும் அடங்கிய நிறங்கள். கூவி அழைப்பவை அல்ல. கமலாதேவி சட்டோபாத்யாயரின் ஊக்கத்தால் 1950-களில் காளத்தியில் பயிற்சி நிலையம் தோன்றி இக்கலை மீண்டும் தழைத்தது. அம்மரபில் வந்த ஜொன்னலகட்டா குருப்பச் செட்டியாருக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இத்தகைய துணியைப் படம் பிடிக்கையில் காமிரா செய்யும் தவறுகள் மூன்று.

முதலாவது, மிகைப்படுத்தல். 'விவிட்' என்று காமிராவின் பட்டியில் ஒன்று இருக்கும். நம்முடையதில் அது கடையிலிருந்து வரும்போதே முடுக்கப்பட்டிருந்தது! அடங்கிய செங்கல் நிறம் செம்பருத்தியானது அதனால்தான். சிவப்பில் இன்னும் ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு வண்ணத்தின் அளவையும் காமிரா பொதுவாக 0 முதல் 255 வரை எழுதி வைக்கிறது. மிகுந்த சிவப்பு 255-ஐத் தொட்டபின் அதற்குமேல் எழுத இடமில்லை. அரக்குப் பட்டின் மடிப்புகளெல்லாம் மறைந்து ஒரே தகடாகிவிடும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுத்தால் மடிப்புகள் மீளும்.

இரண்டாவது, நீலம். அவுரி தோய்த்த துணி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அதனைத் தடுக்கும் கண்ணாடி சில்லின் முன் வலுவாக இல்லாவிட்டால் நீலம் ஊதாவின் பக்கம் சாயும். விலை மிகுந்த கருவிகளும் இதற்கு விலக்கல்ல. லைக்கா நிறுவனம் 2006-இல் வெளியிட்ட எம்8 காமிராவில் செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் செவ்வூதாவாகத் தெரிந்தமையால், வாங்கியவர்களுக்கு அந்நிறுவனம் தனி வடிகட்டிகளை வழங்க நேர்ந்தது.

மூன்றாவது, வெண்மையைக் கணிப்பதில் வரும் தடுமாற்றம். மாலை வெயிலில் வெள்ளைத் தாள் மஞ்சளாகவே இருக்கும்; நம் மனம் அதனை வெள்ளையென்றே கொள்கிறது. காமிராவோ காட்சி முழுவதையும் சராசரியாக்கி, அது சாம்பல் நிறமாக அமைய வேண்டுமென்று கருதித் திருத்துகிறது. சேஷாசலத்தின் செம்பாறைகள் அந்தி ஒளியில் கனிந்து நிற்கும்போது, தானியங்கி அமைப்பு அச்செம்மையைக் குறையெனக் கருதிக் கழுவிவிடும். சித்தூர்ச் சந்தையில் நீலத் தார்ப்பாயின் நிழலில் குவித்த தோத்தாபுரி மாம்பழங்களை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் வாடி நோயுற்றதுபோல் தோன்றும். தானியங்கியை விட்டுவிட்டு, வெயில், நிழல், விளக்கு என்று நாமே குறித்துக்கொள்வது நலம்.

விளக்கொளியும் ஏமாற்றும். நிறங்காட்டும் குறியெண் 80 என்று எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருப்பர். அது எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது. அவ்விளக்கின்கீழ் அரக்குப் பட்டு மங்கித் தோன்றினால் காமிராவைக் குறை கூறிப் பயனில்லை. நகைக்கடையிலும் துணிக்கடையிலும் நிறம் பார்க்க வாசலுக்கு வரும் நம் பாட்டிமார் இதனை நன்கறிந்திருந்தனர்.

துணியினும் பெரியது ஒன்று உண்டு. அது மனித முகம். அமெரிக்காவில் வண்ணப் படம் அச்சிடும் கூடங்களில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் படமே அளவுகோலாக இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவ்வளவுக்கு இசைந்த சுருளில் கரிய மேனியர் நிழலோடு நிழலாயினர். பல நிறத்தவரையும் காட்டும் அட்டையைக் கோடக் நிறுவனம் வெளியிட்டது 1990-களில்தான். இன்றைய கருவிகள் பெரிதும் திருந்திவிட்டன. எனினும் மாநிறத்தை வெளிறச் செய்து 'அழகூட்டும்' அமைப்புகள் பல கருவிகளில் உள்ளன. ஊரிலிருக்கும் தாயாரின் முகம் அவர் முகமாகவே வந்து சேர வேண்டுமாயின், அவ்வமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும்.

இனி, இரண்டு காமிராக்களை ஒப்பிடும் வழி. 1976-இல் வெளிவந்த மாக்பெத் வண்ண அட்டை என்பதில் தோல், வானம், இலை முதலிய நிறங்கள் உட்பட 24 கட்டங்கள் உண்டு. தொழில் செய்வோர் அதனைப் பயன்படுத்துவர். இல்லறத்தாருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. வாழையிலை ஒன்று, மஞ்சள் கிழங்கு ஒன்று, குங்குமம் சிறிது, அவுரித் துணி ஒரு துண்டு, நம் கை ஒன்று. இவற்றைக் காலை ஒன்பது மணியளவில் திறந்த வானத்து நிழலில், ஒரு சாம்பல் அட்டையோடு வைத்து, இரு காமிராவிலும் ஒரே அமைப்பில் அடுத்தடுத்து எடுக்க வேண்டும். வெள்ளைத் தாள் ஆகாது. தாளை வெளுக்கச் சேர்க்கும் பொருள்கள் ஒளிபட்டு நீலம் பாய்ச்சும். காமிராவின் முதுகிலுள்ள சிறு திரையில் ஒப்பிடுதலும் ஆகாது. திரைக்குத் திரை நிறம் மாறும். இரு படங்களையும் ஒரே கணிப்பொறித் திரையில் ஏற்றி, பொருள்களை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஐயம் தீரும். பிறகு அதே பொருள்களை இரவு விளக்கில் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். சில்லு மிகச் சிறியதாயின் மங்கிய ஒளியில் நிறம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

இக்காலத்தில் கைப்பேசியே போதும் என்பார் பலர். சிறு காமிராவின் விற்பனை மிகவும் சுருங்கியிருப்பதும் உண்மை. ஆனால் கைப்பேசி பல படங்களை நொடியில் இணைத்துத் தன் விருப்பப்படி நிறமூட்டுகிறது. அதனைக் கட்டுக்குள் வைப்பது எளிதன்று. 'ரா' என்னும் பதப்படுத்தாத கோப்பைத் தரும் காமிராவோ, கைப்பேசியோ கிடைக்குமாயின் அதுவே நம் தேர்வு; தவறான நிறத்தைப் பின்னர் திருத்தலாம்.

நாம் மறுபடி காளத்திக்குச் சென்றோம். அதே சீலை அங்கேயே இருந்தது. நிழலில் விரித்து, ஓரத்தில் சாம்பல் அட்டை வைத்து, 'விவிட்' அமைப்பை நீக்கிப் படம் எடுத்துப் புனேக்கு அனுப்பினோம். "மாமா, இதுதானா நான் திருப்பி அனுப்பியது?" என்று கேட்டாள் அப்பெண். ஆம் என்றோம். இரண்டு நாள் கழித்து, அதனையே மீண்டும் அனுப்பச் சொன்னாள்.