பேசாமல் இருப்பவரின் இதயத் துடிப்பு

"நான் பேசிக்கிட்டே இருக்கேன், அவர் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கார்." பெங்களூரு மல்லேஸ்வரம் அடுக்ககங்களிலும் இந்தப் புகார் உண்டு. அவருக்கு அக்கறை விட்டுப்போச்சு என்று எதிரில் இருப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். பல நேரம் அந்த முடிவு தப்பு.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் 1980களில் தம்பதிகளை உட்காரவைத்து, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பேசச் சொன்னார்கள். பேசப் பேச இதயத் துடிப்பையும் வியர்வையையும் கருவியில் பதிவுசெய்தார்கள். வாய் திறக்காமல் முகத்தை இறுக்கிக்கொண்ட பலருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டியிருந்தது. அப்படி அடங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வேறு ஆய்வாளர்கள் கைக்குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள்: அம்மா திரும்பி வந்தும் கண்டுகொள்ளாமல் விளையாடும் குழந்தையின் இதயம் உள்ளே படபடத்துக்கொண்டிருந்தது.

குரல் உயர்ந்ததும் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது. அந்த நிலையில் எதிராளி சொல்வது காதில் சரியாக விழாது, பதிலும் கோவையாக வராது. வாயை மூடிக்கொள்வதுதான் பேசாமல் இருப்பவருக்குத் தெரிந்த தற்காப்பு. அந்த மௌனமே இன்னொருவருக்குக் கைவிடப்படும் பயத்தைக் கிளப்ப, அவர் இன்னும் துரத்திக் கேட்கிறார். இவர் இன்னும் உள்ளே போகிறார். இருவருமே பயந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம்.

இதையெல்லாம் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பை வைத்து விளக்கும் ஸ்டீபன் போர்ஜஸின் கோட்பாடு இப்போது பிரபலம். அதன் உடலியல் அடிப்படையை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. அது இல்லாமலேயே மேலே சொன்னது புரியும்.

உடல் தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் காட்மன். மல்லேஸ்வரம் பக்கத்துச் சாங்கி ஏரிக் கரையில் நிதானமாக ஒரு சுற்று நடந்தால் அந்த நேரம் ஆகிவிடும். ஆனால் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகக் கூடாது. "இப்ப என்னால முடியல, ஒன்பதரைக்கு வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வர வேண்டும். நடக்கும்போது மனசுக்குள் வாதத்தைத் தொடர்ந்தால் துடிப்பு இறங்காது.

நாள்கணக்கில் பேசாமலிருந்து பணியவைப்பது வேறு. அது தண்டனை, அதற்கு நரம்பைக் காரணம் காட்ட முடியாது. அடிக்குப் பயந்து ஒருவர் ஒடுங்கிப்போகிறார் என்றால் அங்கே முதல் தேவை பாதுகாப்பு; பெண்கள் 181 உதவி எண்ணை அழைக்கலாம். மனச்சுமைக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வழிநடத்தும் டெலி மானஸ் தொலைபேசி உதவிச் சேவை 2022 முதல் இயங்குகிறது. 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.